பேரேடும் கையெழுத்தும்: கடிகார மேதை பிரெகே



எங்கள் பிளாக் தம்பி ஒருவர் லிஃப்டில் தன் புதுக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதில் ஒரே ஒரு முள்தான் இருந்தது. இன்னொரு முள் விழுந்துவிட்டதா தம்பி என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, சுவிட்சர்லாந்தில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் செய்தது, முன்பணம் கட்டி இரண்டு வருடம் காத்திருந்து வாங்கினேன் என்றார். இதற்கெல்லாம் மூலவர் பிரெகே என்றும் சொன்னார். அவரைப் பற்றித் தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

ஆப்ரஹாம்-லூயி பிரெகே 1747-ல் சுவிட்சர்லாந்தின் நூஷாடெல் நகரில் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். தாயாரின் மறுமணத்தால் கடிகாரத் தொழில் வீட்டுக்குள் வந்தது. 15 வயதில் தொழில் கற்க பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். 1775-ல் பாரிஸில் சொந்தப் பட்டறை தொடங்கி, அதே ஆண்டில் திருமணமும் செய்துகொண்டார். ஐந்தே ஆண்டுகளில் மனைவி காலமானார். அதன்பின் தொழிலும் ஒரே மகனுமே அவர் வாழ்க்கை ஆயின.

சட்டைப் பையில் இருந்தபடியே, நடக்கும் அசைவில் தானே சாவி ஏறும் கடிகாரத்தை 1780 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அரண்மனை அவரைத் தேடி வந்தது. 1783-ல் அரசி மரீ அந்துவனெத்துக்காக ஒரு கடிகாரம் கேட்டார்கள். விலைக்கும் வரம்பில்லை, நாளுக்கும் கெடு இல்லை.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அரண்மனை வாடிக்கையாளர்களே அவருக்கு ஆபத்தானார்கள். 1793-ல் நண்பர் மாரா வாங்கிக் கொடுத்த அனுமதிச் சீட்டோடு குடும்பத்துடன் தப்பினார். அதே ஆண்டில் மாரா கொல்லப்பட்டார். அந்த ஆண்டிலேயே அரசியின் தலையும் துண்டிக்கப்பட்டது. 1795-ல் பாரிஸ் திரும்பியபோது தொழிலை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. வயதோ 48.

பழைய பணக்காரர்கள் இல்லை, கையில் முதலும் இல்லை. அதனால் ஒற்றை முள்ளோடு எளிமையான கடிகாரம் ஒன்றை வடிவமைத்தார். விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்டினால் செய்து தருவதாக 1797-ல் அறிவித்தார். சுமார் 700 கடிகாரங்கள் விற்றன. வாடிக்கையாளரின் நம்பிக்கையே அவருக்கு மூலதனம். தனித்து இயங்கும் கடிகாரக் கலைஞர்களுக்கு இன்றும் இதுவே வழி. பிரான்சுவா-போல் ஜூர்ன் 1999-ல் தம் முதல் கடிகாரங்களை இப்படித்தான் விற்றார்.

பையில் நிமிர்ந்தே நிற்கும் கடிகாரத்தை புவியீர்ப்பு ஒரே பக்கமாகப் பாதித்து நேரத்தைப் பிசகச் செய்யும். அதைச் சரிக்கட்ட, துடிக்கும் உறுப்புகளை ஒரு சிறு கூண்டில் வைத்து அந்தக் கூண்டையே சுழலவிட்டார். அதுதான் டூர்பியோன். காப்புரிமை கிடைத்தது 1801-ல். இன்றும் சேகரிப்பாளர்கள் இதற்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள்.

வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு காசோலைகளை ஒப்பிட்டே வயதான எனக்கு மிகவும் பிடித்தது வேறு. புகழ் வந்ததும் போலிகளும் வந்தன. எனவே முகப்புத் தட்டில், சாய்ந்த வெளிச்சத்தில் மட்டுமே தெரியும்படி ரகசியக் கையெழுத்தைப் பொறித்தார். ஒவ்வொரு கடிகாரத்துக்கும் எண் இட்டு, யாருக்கு விற்றது என்று பேரேட்டில் பதிய வைத்தார். நெப்போலியனின் தங்கை, நேபிள்ஸ் அரசி கரோலினுக்கு 1812-ல் ஒரு கைக்கடிகாரம் செய்து முடித்தார். அது இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பேரேட்டுப் பதிவு மட்டும் பத்திரமாக இருக்கிறது!

பிரெகே 1823-ல் தம் 76-வது வயதில் காலமானார். மரீ அந்துவனெத்துக்காகத் தொடங்கிய கடிகாரம் 1827-ல்தான் முடிந்தது. அது யாருக்காகவோ அந்த அரசியும் இல்லை, தொடங்கியவரும் இல்லை. வாங்க ஆள் இல்லாத வேலையையும் பட்டறை பாதியில் விடவில்லை. 1983-ல் ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து அது திருடுபோய், இருபத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின் மீண்டது.

மணி பார்க்க இன்று செல்போன் போதும். ஆனாலும் எண்ணிச் சில கடிகாரங்களே செய்பவரிடம் மக்கள் காத்திருந்து வாங்குகிறார்கள். கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் அதன் பின்னால் இருக்கிறார் என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இரண்டாவது முள் விழவில்லை.