தொழுநோயாளரின் தோழர் புனித தமியான்



2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் நாள், திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் உரோமையில் அருட்தந்தை தமியானைப் புனிதராக அறிவித்தார். அன்று வன்னி மக்களில் பெருந்தொகையினர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பி வேலிக்குள் இருந்தனர். அந்த நாள்களை அறிந்த உங்களுக்கு, அடைத்து ஒதுக்கப்பட்டோரிடையே வாழ்ந்த இப்புனிதரின் வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

1840 ஜனவரி 3இல் பெல்ஜியத்தின் திரெமெலோ ஊரில், உழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். நோயுற்ற தம் அண்ணனுக்குப் பதிலாக மறைபணிக்கெனக் கப்பலேறி, 1864இல் ஹவாய் தீவுகளை அடைந்து, அங்கேயே குருவானார். அந்நாளில் அங்கு தொழுநோயாளர் தம் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, ஒருபுறம் செங்குத்து மலையும் மறுபுறம் கடலும் சூழ்ந்த மொலோக்காய் தீவின் முனையில் விடப்பட்டனர். 1873 மே 10இல் தமியான் தாமாகவே முன்வந்து அங்கு சென்றார். அவர்களின் புண்களுக்கு மருந்திட்டார். வீடுகளும் கோவிலும் கட்டினார். இறந்தோருக்குப் பெட்டி செய்து குழியும் வெட்டினார்.

1884இன் இறுதியில் ஒருநாள், கொதிநீரில் கால் வைத்தும் அவருக்குச் சூடு தெரியவில்லை. நோய் தம்மையும் பற்றியது என்று அறிந்த பின்னரும் அவர் பணியை விடவில்லை. 1889 ஏப்ரல் 15, புனித வாரத் திங்களன்று, 49ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மொலோக்காய் சென்ற அதே 1873இல், நோர்வே வைத்தியர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். ஆகவே தொழுநோய் சாபமன்று, பரம்பரை வியாதியுமன்று. இக்கிருமி மிக மெதுவாகவே பெருகும். நரம்புகளைச் சிதைப்பதில் பெரும்பங்கு, கிருமியை எதிர்த்துப் போராடும் நம் உடலின் எதிர்ப்புச் சக்திக்கே உண்டு. அச்சக்தி திடீரெனக் கிளர்ந்தெழும்போது பழைய தழும்புகள் சிவந்து வீங்கும்; நரம்பு வலித்துக் கை, கால், கண்ணிமை வலுவிழக்கும். சிலருக்குக் காய்ச்சலுடன் வலிக்கும் செந்நிறக் கட்டிகள் தோன்றும். மூட்டும் கண்ணும் பாதிக்கப்படும். கிருமியை எதிர்க்க எழுந்த படை தன் வீட்டையே தாக்குவது போன்றது இது. சிகிச்சையின்போதும், அது முடிந்த பின்னரும்கூட இது நேரலாம்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். மருந்தே தீங்கு செய்தது என்றெண்ணி அதை நிறுத்திவிட்டு வீட்டினுள் மறைந்துகொள்கின்றனர். அன்பர்களே, அப்படிச் செய்யாதீர்கள். மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டபடியே உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீரொய்ட் மருந்தைத் தகுந்த காலத்தில், வைத்தியரின் மேற்பார்வையில் பெற்றால் நரம்பைக் காக்கலாம். நரம்பு பழுதுற்று ஆறு மாதங்களுக்குள் தொடங்கினால் மீளும் வாய்ப்பு அதிகம். இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை வழங்கப்படுகிறது. இதைத் தொடங்கிய சில நாள்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும்.

தமியானின் காலத்தில் இம்மருந்துகள் இல்லை. ஆயினும் அவர் நோயாளரோடு ஒரே பந்தியில் அமர்ந்தார். இன்று மருந்து இருந்தும், நம் அச்சத்தால் உறவொன்றை ஒதுக்கிவைப்போமானால், தன் உறுப்பையே பகையென்று தாக்கும் உடலுக்கு நாமும் ஒப்பாவோம். உங்கள் இல்லத்தில் அல்லது அயலில் எவருக்கேனும் உணர்ச்சியற்ற தழும்பு இருந்தால், இந்த வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள். அவரைத் தனியே அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். புனித தமியான் நமக்காகப் பரிந்துபேசுவாராக.