அலெக்சாண்டர் கிரகாம் பெல்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் (மார்ச் 3, 1847 – ஆகஸ்ட் 2, 1922) ஸ்காட்லாந்தில் பிறந்த அறிவியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். தொலைபேசியால் புகழ்பெற்ற இவர், உலோகம் கண்டறியும் கருவியின் முன்னோடிகளுள் ஒருவர். இன்று விமான நிலையங்களிலும் விளையாட்டரங்குகளிலும் மக்கள் கடந்து செல்லும் சோதனை வாயில்களுக்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலையே, 1881 இல் ஒருவரது உடலில் இருந்த குண்டைத் தேட இவர் பயன்படுத்தினார்.

வாழ்க்கை

பெல் எடின்பரோவில் பிறந்தார். தாயார் செவிப்புலன் குறைந்தவர். உடன்பிறந்தோர் இருவரும் காசநோயால் இறந்தபின், 1870 இல் குடும்பம் கனடாவில் குடியேறியது. அடுத்த ஆண்டு முதல் பாஸ்டனில் காது கேளாத மாணவர்களுக்குக் கற்பித்தார். மார்ச் 7, 1876 இல் தொலைபேசிக்கான காப்புரிமை கிடைத்தது. 1877 இல் தம் மாணவியான மேபல் ஹபர்டை மணந்தார்.

குண்டைத் தேடிய கருவி

ஜூலை 2, 1881 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வாஷிங்டன் தொடருந்து நிலையத்தில் சுடப்பட்டார். அக்காலத்தில் குடியரசுத் தலைவருக்கு மெய்க்காவலர் இல்லை. எக்சு-கதிர்கள் 1895 இல்தான் கண்டறியப்பட்டன. ஆகவே மருத்துவர்கள் கழுவாத விரல்களையும் கம்பிகளையும் காயத்துள் செலுத்திக் குண்டைத் தேடினர்.

டேவிட் ஹியூசின் தூண்டல் தராசை மேம்படுத்தி, சார்லஸ் சம்னர் டெயின்டருடன் இணைந்து பெல் ஒரு கருவியை அமைத்தார். அதில் கம்பிச்சுருள்கள் ஒன்றன் விளைவை மற்றொன்று சமன்செய்யுமாறு வைக்கப்பட்டிருக்கும். அப்போது தொலைபேசி வாங்கியில் ஒலி எழாது. அருகில் உலோகம் வந்தால் சமநிலை குலைந்து ஒலி கேட்கும். உடலில் பழைய குண்டுகளைச் சுமந்த முன்னாள் போர்வீரர்களிடம் கருவி நன்கு இயங்கியது.

ஆனால் ஜூலை 26, ஆகஸ்ட் 1 ஆகிய நாட்களில் கார்ஃபீல்டிடம் நடந்த சோதனைகள் பயன் தரவில்லை. இரண்டாவது சோதனையில் பரந்த பகுதியெங்கும் மெல்லிய ஒலி கேட்டது. மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் இருந்தமை பின்னரே தெரியவந்தது. தலைமை மருத்துவர் வில்லார்ட் பிளிஸ், குண்டு வலப்பக்கம் இருப்பதாகக் கருதி அங்கு மட்டுமே தேட இசைந்தார். ஆகஸ்ட் 15 இல் பெல்லின் குறைமாத ஆண் குழந்தை பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுத்திணறி இறந்தது. அதன்பின் அவர் செயற்கைச் சுவாசக் கருவியொன்றை அமைக்க முற்பட்டார். செப்டம்பர் 19 இல் கார்ஃபீல்டு இறந்தார். பிணப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்பின் இடப்பக்கம் காணப்பட்டது. குண்டைவிட, காயத்தில் பரவிய நோய்த்தொற்றே அவரது இறப்புக்குக் காரணம் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து.

பிற்காலப் பயன்பாடு

1882 இல் மொன்றியலில் பெல் இவ்வாய்வை விரிவாக வெளியிட்டார். எனினும் ஆயுதத்தை முன்கூட்டியே கண்டறிய இம்முறை பயன்பட நெடுங்காலம் ஆயிற்று. 1901 இல் பஃபலோ கண்காட்சியில், கைக்குட்டையில் துப்பாக்கியை மறைத்து வரிசையில் வந்தவன் குடியரசுத் தலைவர் மெக்கின்லியைச் சுட்டான். அமெரிக்க விமான நிலையங்களில் அனைத்துப் பயணிகளையும் சோதிப்பது 1973 இல்தான் கட்டாயமாயிற்று. பெல்லைக் குழப்பிய மெத்தைக் கம்பியைப் போலவே, அருகிலுள்ள இரும்பு மேசையும் தடுப்பும் இன்றைய வாயில்களிலும் பொய்யொலி எழுப்பக்கூடும். உலோகமற்ற வெடிபொருளை இவை உணர்வதில்லை. அதற்கு வேறு கருவிகள் தேவை.

பெல் நோவா ஸ்கோசியாவில் காலமானார். அவர் அடக்கம் செய்யப்பட்டபோது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் நிறுத்தப்பட்டன.