பாலும் அளவுகோலும்

ஜான் பாய்ட் ஆர் 1880ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். இளமையில், கிளாஸ்கோ நகரில் வறியோர் வாழும் பகுதியில் ஆசிரியப் பணியேற்றார். பசித்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல மனம் ஒப்பாமல், சில நாள்களிலேயே அப்பணியைத் துறந்தார். பின்னர் மருத்துவம் பயின்று, உணவியல் ஆய்வில் ஈடுபட்டார்.

1927இல் ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் அவர் நிகழ்த்திய சோதனை எளிமையானது. மாணவருள் ஒரு பிரிவினர்க்குப் பால், ஒரு பிரிவினர்க்குக் கொழுப்பு நீக்கிய பால், மற்றொரு பிரிவினர்க்கு பிஸ்கட், எஞ்சியோர்க்கு எதுவுமில்லை. ஏழு மாதங்களில், பால் அருந்திய இரு பிரிவினரும் ஏனையோரினும் ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுதியாக வளர்ந்தனர். பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பியதுதான். ஆனால் அந்த வளர்ச்சியைத் தரவில்லை! 1934இல் பிரிட்டிஷ் அரசு பள்ளிகளில் மலிவு விலையில் பால் வழங்கலாயிற்று.

ஆர் அத்துடன் அமையவில்லை. உயிர்வாழக் குறைந்த அளவாக எவ்வளவு உணவு போதும் என்பதே அக்காலத்தில் பெரும்பாலும் கணக்காக இருந்தது. முழு நலத்துடன் வாழ எவ்வளவு வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். இவ்வளவுகோலால் அளந்தபோது, செல்வ நாடாகிய பிரிட்டனிலேயே ஏறத்தாழப் பாதி மக்களின் உணவு குறைவுடையதெனத் தெரிந்தது. 1936இல் வெளிவந்த இம்முடிவு ஆட்சியாளர்க்கு உவப்பாக இல்லை. ஆயினும் 1946இல் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் விலையின்றிக் கிடைக்கலாயிற்று. அப்போது ஆர், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்தார். 1949இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவர், 1971இல் மறைந்தார்.