பத்து லட்சம் பவுண்டு வீரரும் பல்லாயிரம் பேரின் வசையும்: ஜஸ்டின் ஃபஷானுவின் வாழ்க்கை

ஸ்ரீவராகம் (திருவனந்தபுரம்), பிப். 19:

கால்பந்து உலகில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று விளையாடும் காலத்திலேயே வெளிப்படையாக அறிவித்த முதல் தொழில்முறை வீரர் ஜஸ்டின் ஃபஷானுவின் பிறந்த நாள் இன்று. பார்வையாளர் மாடங்களிலிருந்து எழும் வசை முழக்கங்களுக்கு எதிராகப் பல நாடுகளின் கால்பந்து அமைப்புகள் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் பரப்புரை மேற்கொள்கின்றன. அதற்கு இவரது பிறந்த நாளே அடிப்படையாக அமைந்தது.

கால்பந்தைத் திருவிழாவாகவே கொண்டாடும் மாநிலம் கேரளம். உலகக் கோப்பைக் காலத்தில் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகள் இங்குள்ள தெருக்களை நிறைக்கின்றன. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதிக்கு அருகிலுள்ள ஸ்ரீவராகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் பாளையம் சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கம் உள்ளது. 2024-ஆம் ஆண்டு தொடங்கிய சூப்பர் லீக் கேரளா போட்டியின் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணிக்கு அதுவே சொந்த மைதானம். மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பொழியூர் என்னும் மீனவ ஊர் கால்பந்து வீரர்களின் ஊராகவே அறியப்படுகிறது. அரங்கின் ஆரவாரத்தை நன்கறிந்த இம்மண்ணின் ரசிகர்களுக்கு, அந்த ஆரவாரம் ஒரு மனிதரை என்ன செய்யக்கூடும் என்பதை ஃபஷானுவின் வாழ்க்கை உணர்த்துகிறது.

வளர்ப்பு இல்லத்தில் தொடங்கிய இளமை

1961-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி லண்டனின் ஹாக்னி பகுதியில் ஜஸ்டின் ஃபஷானு பிறந்தார். தந்தை நைஜீரியாவைச் சேர்ந்த வழக்கறிஞர். தாய் அன்றைய பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த செவிலியர். பெற்றோர் பிரிந்தபின், ஜஸ்டினும் அவருடைய தம்பி ஜானும் பர்னார்டோ அறநிலையத்தின் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். பின்னர் ஜஸ்டினின் ஆறாவது வயதில், நார்ஃபோக் மாவட்டத்தின் ஷ்ரோப்பம் என்ற சிற்றூரில் வாழ்ந்த வெள்ளையரான ஜாக்சன் தம்பதியர் இருவரையும் வளர்ப்புப் பிள்ளைகளாக ஏற்றனர்.

கறுப்பினத்தவர் மிகக் குறைவாக இருந்த அந்தக் கிராமப்புறத்தில் வளர்ந்த ஜஸ்டின், பள்ளிப் பருவத்தில் குத்துச்சண்டையிலும் சிறந்து விளங்கினார். எனினும் கால்பந்தையே தமது தொழிலாகத் தேர்ந்தெடுத்து, நார்விச் சிட்டி கழகத்தில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். 1979-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணிக்கு எதிராக முதல் பிரிவுப் போட்டியில் களம் கண்டபோது அவருக்கு வயது 17.

இங்கிலாந்தின் மைதானங்களில் இனவெறி தடையின்றி ஒலித்த காலம் அது. வெஸ்ட் பிராம்விச் அணிக்காக அக்காலத்தில் விளையாடிய சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்காம், பிரெண்டன் பேட்சன் ஆகிய மூன்று கறுப்பின வீரர்களும் ஊர் ஊராக வசைகளைச் சந்தித்தனர். குரங்கைப் போல் ஒலி எழுப்புவதும் வாழைப்பழங்களை வீசுவதும் மாடங்களில் வழக்கமாக இருந்தன. நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கழகங்களும் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. கேட்டும் கேளாததுபோல் விளையாடுவதே வீரருக்கு அழகு என்று கருதப்பட்டது.

ஒரு கோலும் ஒரு விலையும்

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லிவர்பூல் அணிக்கு எதிரான ஆட்டம் ஃபஷானுவை நாடறியச் செய்தது. பெட்டிக்கு வெளியே, கோலுக்கு முதுகு காட்டி நின்றபடி பந்தைப் பெற்று, மேலெழுப்பி, சட்டென்று திரும்பி இடக்காலால் வலைக்குள் செலுத்தினார். அந்த ஆட்டத்தில் நார்விச் 3-5 என்ற கணக்கில் தோற்றாலும், பிபிசி தொலைக்காட்சியின் அந்தப் பருவத்தின் சிறந்த கோல் விருது அதற்கே கிடைத்தது. நார்விச் அணிக்காக 90 லீக் ஆட்டங்களில் 35 கோல்கள் அடித்த அவர், இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியிலும் இடம்பெற்றார்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகம் பத்து லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. பிரிட்டனில் அந்தத் தொகைக்கு ஒப்பந்தமான முதல் கறுப்பின வீரர் அவரே. 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த அணி அது. அதன் மேலாளர் பிரையன் கிளஃப், கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர்.

இருபது வயது இளைஞரின் தோள்களில் அந்த விலை சுமையாக இறங்கியது. அணியின் ஆட்டமுறை அவருக்குப் பொருந்தவில்லை. 32 லீக் ஆட்டங்களில் மூன்று கோல்களே அடித்தார். தன்பாலீர்ப்பாளர் கூடும் கேளிக்கை விடுதிகளுக்கு அவர் செல்கிறார் என்ற பேச்சு மேலாளரின் காதுக்கு எட்டியது. அதுகுறித்து அவரை இழிவாக விசாரித்ததைக் கிளஃப் பிற்காலத்தில் தமது தன்வரலாற்றிலேயே பதிவு செய்துள்ளார். ஒரு கட்டத்தில் ஃபஷானு அணியுடன் பயிற்சி செய்யத் தடை விதிக்கப்பட்டது; பயிற்சித் திடலிலிருந்து அவரை வெளியேற்றக் காவல்துறையினர் அழைக்கப்பட்டனர்.

இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு 1967-ஆம் ஆண்டிலேயே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் திறந்த கதவைக் கால்பந்து உலகம் திறக்கவில்லை. நிறத்துக்காக மாடங்களில் வசைபாடப்பட்ட ஒருவர், தம் இயல்புக்காக ஓய்வறையிலும் ஒதுக்கப்பட்டார்.

1982-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அதே நகரின் நாட்ஸ் கவுன்டி கழகம் அவரை 1,50,000 பவுண்டுக்கு வாங்கியது. ஏறத்தாழ பதினாறே மாதங்களில் அவரது மதிப்பு ஆறில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்திருந்தது. 1985-ஆம் ஆண்டு பிரைட்டன் கழகத்துக்கு மாறியபின் முழங்காலில் கடும் காயம் ஏற்பட்டது. சிகிச்சைக்காக அமெரிக்கா சென்ற அவர், அங்கும் கனடாவிலும் சில காலம் விளையாடிவிட்டு இங்கிலாந்து திரும்பினார்.

1990: வெளிப்படையான அறிவிப்பு

1990-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, தி சன் நாளிதழின் முதல் பக்கத்தில் அவரது அறிவிப்பு வெளியானது. தொழில்முறைக் கால்பந்தில் அதற்கு முன் எவரும் செய்யாத செயல் அது. செய்தியை அந்த நாளிதழ் பரபரப்புக்குரியதாக்கியது. தம்பி ஜான் ஃபஷானு அப்போது விம்பிள்டன் அணியின் நட்சத்திர வீரர்; 1988-ஆம் ஆண்டு எஃப்ஏ கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். அவர் தம் அண்ணனைப் பொதுவெளியிலேயே கைவிட்டார். அதற்காகப் பல ஆண்டுகள் கழித்து வருத்தமும் தெரிவித்தார். கறுப்பினச் சமூகத்தின் பத்திரிகைகளிலும் ஜஸ்டினுக்கு ஆதரவைவிடக் கண்டனமே மிகுதியாக வந்தது.

மைதானங்களில் இனவெறி முழக்கத்துடன் இன்னொரு முழக்கமும் சேர்ந்துகொண்டது. பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் எதிரணி மாடங்களிலிருந்து அவரது பாலீர்ப்பைக் கேலி செய்யும் கூச்சல்கள் எழுந்தன. அவற்றைத் தாங்கியபடியே டார்க்கி யுனைடெட் என்ற சிறிய கழகத்துக்காக 1991-ஆம் ஆண்டு முதல் விளையாடினார். அங்கு துணை மேலாளர் பொறுப்பையும் ஏற்றார். கடலோரச் சிறு நகரான டார்க்கியின் ரசிகர்கள் அவரைத் தம் வீரராக ஏற்றுக்கொண்டது, அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த அரிய ஆறுதல்களில் ஒன்று.

சட்டம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. 1991-ஆம் ஆண்டு இங்கிலாந்து கொண்டுவந்த கால்பந்துக் குற்றங்கள் சட்டம், மைதானத்தில் ஆபாசமாகவோ இனவெறியுடனோ முழக்கமிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தொடக்கத்தில், பலர் சேர்ந்து எழுப்பும் முழக்கத்தையே அச்சட்டம் தண்டித்தது. தனி ஒருவரின் கூச்சலும் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே அதன் வரம்புக்குள் வந்தது. இனம், நிறம், நாடு ஆகியவற்றை அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது, பாலீர்ப்பைக் குறிப்பிடவில்லை. ஃபஷானு கேட்ட இரு வகை வசைகளுள் ஒன்றைச் சட்டம் பெயரிட்டுக் குற்றம் என்றது. மற்றொன்றைப் பெயரிடாமலே விட்டது.

இறுதி ஆண்டுகள்

அவரது வாழ்க்கையைக் குறையற்றதாகக் காட்டுவது உண்மைக்குப் பொருந்தாது. 1993-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சென்று ஏர்ட்ரி, ஹார்ட்ஸ் அணிகளில் விளையாடினார். அரசியல் பிரமுகர்களுடன் தமக்குத் தொடர்பு உண்டு என்று பொய்யான கதைகளைப் பத்திரிகைகளுக்கு விற்க முயன்ற விவகாரத்தில், 1994-ஆம் ஆண்டு ஹார்ட்ஸ் கழகம் அவரை நீக்கியது. அவரைப் பற்றிய செய்திகளை விலைகொடுத்து வாங்கிய பத்திரிகை உலகில், அவரும் செய்தியை விற்கும் மனிதராக மாறியிருந்தார்.

பின்னர் அமெரிக்காவில் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 1998-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மேரிலாந்து மாநிலத்தில் 17 வயது இளைஞர் ஒருவர் அவர்மீது பாலியல் வன்முறைப் புகார் அளித்தார். காவல்துறை அவரை விசாரித்தது. பின்னர் கைது ஆணையுடன் அவரது இல்லத்துக்குச் சென்றபோது, அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டிருந்தார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். வழக்கு விசாரணை நடைபெறவே இல்லை; ஆகவே அந்தப் புகார் குறித்து எந்த நீதிமன்றமும் முடிவு கூறவில்லை.

1998-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், லண்டனின் ஷோர்டிச் பகுதியில் அவர் இறந்து கிடந்தார். அப்போது அவருக்கு வயது 37. அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று இறப்பு விசாரணை முடிவு செய்தது. தமக்கு நியாயமான விசாரணை கிடைக்காது என்று அவர் நம்பியதை அவர் விட்டுச்சென்ற குறிப்பு காட்டியது. ஒரு மனிதரின் இறப்புக்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது பொருந்தாது. எனினும் உலகம் தம்மைப் பற்றி ஏற்கெனவே தீர்ப்பெழுதிவிட்டது என்ற எண்ணம், பல்லாயிரம் குரல்களைப் பல ஆண்டுகள் கேட்ட ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே.

32 ஆண்டு மௌனம்

வசை முழக்கத்தின் விளைவை அளக்க ஓர் எண்ணிக்கை உண்டு. ஃபஷானுவின் அறிவிப்புக்குப் பின், பிரிட்டனில் விளையாடிக்கொண்டிருக்கும் மற்றொரு தொழில்முறை ஆண் வீரர் அத்தகைய அறிவிப்பை வெளியிட ஏறத்தாழ 32 ஆண்டுகள் ஆயின. 2022-ஆம் ஆண்டு மே மாதம் பிளாக்பூல் அணியின் 17 வயது வீரர் ஜேக் டேனியல்ஸ் அந்த மௌனத்தைக் கலைத்தார். ஜெர்மனியின் தாமஸ் ஹிட்செல்ஸ்பெர்கர் போன்றோர், ஓய்வு பெற்றபின் 2014-ஆம் ஆண்டிலேயே பேச முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2021-ஆம் ஆண்டு அறிவித்த ஜோஷ் கவல்லோ, அடுத்த சில மாதங்களிலேயே மெல்போர்னில் ரசிகர்களின் இழிமுழக்கத்துக்கு ஆளானார். அதற்காக மெல்போர்ன் விக்டரி கழகத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

இக்காலத்தில் விதிகள் மெல்ல மாறின. 2019-ஆம் ஆண்டு ஃபிஃபா தனது ஒழுங்குவிதிகளைத் திருத்தி, பாலீர்ப்பை இழிவுபடுத்தும் முழக்கத்தையும் பாகுபாடாகத் தெளிவாகச் சேர்த்தது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி எச்சரிப்பது, அடுத்து வீரர்களை வெளியே அழைத்துச் செல்வது, இறுதியில் ஆட்டத்தையே கைவிடுவது என மூன்று படிகள் உள்ளன. அதே ஆண்டில் பிரான்ஸில் நைஸ்-மார்செய் ஆட்டம் இத்தகைய முழக்கங்களுக்காகச் சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. மெக்சிகோ ரசிகர்கள் எதிரணி கோல்கீப்பரை நோக்கி எழுப்பும் இழிசொல்லுக்காக, அந்நாட்டுச் சங்கம் பலமுறை அபராதம் செலுத்தியது. பார்வையாளர் இன்றி விளையாடும் தண்டனையும் பெற்றது. செல்சி அணியினரை நோக்கிப் பல்லாண்டு ஒலித்த ஓர் இழிமுழக்கம் வெறுப்புக் குற்றமே என்று இங்கிலாந்து அரசு வழக்குத் தொடுப்புத் துறை 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது.

இம்மாற்றங்கள் அனைத்தும் ஒரே கருத்தை ஒப்புக்கொள்கின்றன. மாடத்தில் எழும் வசை வெறும் விளையாட்டுப் பேச்சு என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது. கூச்சலிடுபவர் தனி ஒருவராகத் தம்மை உணர்வதில்லை. கூட்டத்தின் குரலில் தம் குரல் கரைந்துவிடும் என்று எண்ணுகிறார். ஆனால் களத்தில் நிற்பவருக்கு அந்த ஆயிரம் குரல்களும் ஒரே தீர்ப்பாகக் கேட்கின்றன. நடுவரும் கழகமும் சக வீரரும் வாய் திறக்காவிடில், அந்தத் தீர்ப்புக்கு ஒப்புதலும் கிடைத்துவிடுகிறது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, வயது வந்தோரின் விருப்பத்துடனான தன்பால் உறவைக் குற்றமாகக் கருதும் நிலையை நீக்கியது. திருநர்களுக்கெனத் தனிக் கொள்கையைக் கேரளம் 2015-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. 1967-க்குப் பிந்தைய இங்கிலாந்தின் அனுபவம் கூறுவது ஒன்றே: சட்டத்தின் கதவு திறந்தபின்னும் மாடத்தின் கதவைத் தனியே திறக்க வேண்டியிருக்கிறது. அதைத் திறக்கும் பொறுப்பு ரசிகர் மன்றங்களுக்கும் கழகங்களுக்கும் உரியது.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, அவரது 59-ஆவது பிறந்த நாளில், இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் ஜஸ்டின் ஃபஷானுவைப் புகழ் மன்றத்தில் சேர்த்தது. ஜானின் மகள் அமல் ஃபஷானு, தம் பெரியப்பாவின் பெயரில் அறக்கட்டளை நிறுவி இனவெறிக்கும் பாலீர்ப்பு வெறுப்புக்கும் எதிராகப் பணியாற்றி வருகிறார். லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோலின் காட்சி இன்றும் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகிறது. பந்து வலையைத் தொட்ட கணத்தில் மாடங்கள் முழுவதும் அவருக்காகவே எழுந்து நின்றதை அதில் காணலாம்.