எஃகுக் கம்பியில் தங்கிய குரல்கள்: டேவிட் போடரின் வாழ்வும் பணியும்

ஒருவர் பட்ட துன்பத்தை ஏட்டில் படிப்பதும் அவர் குரலிலேயே கேட்பதும் ஒன்றல்ல. ஏடு துன்பத்தின் செய்தியைத் தருகிறது. குரலோ, அத்துன்பம் சொல்லாக மாறும்போது எங்கே தடுமாறிற்று, எங்கே நின்றது, நாவில் எழுந்த எந்தச் சொல் வெளிவராமல் அடங்கிற்று என்பதையும் சேர்த்தே தருகிறது. கவிதையோடு பழகியவர்களுக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டிலேயே இதனை உணர்ந்து, நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்களின் குரல்களைத் தேடி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டவர் உளவியல் பேராசிரியர் டேவிட் பாப்லோ போடர். வாய்மொழி வரலாறு பற்றிப் பேசுவோர் இன்று தவறாமல் குறிப்பிடும் பெயர் அது. அவர் வாழ்ந்த நாளிலோ அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலும் இன்று லாட்வியா நாட்டிலும் உள்ள லீபாயா, பால்டிக் கடற்கரைத் துறைமுக நகரம். அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் 1886ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆரோன் மெண்டல் மிக்கேல்சன். வில்னா நகரில் யூத ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்வியைப் பெற்றார். பின்னர் லைப்சிக் சென்று, உளவியலை ஆய்வுக்கூட அறிவியலாக நிலைநிறுத்திய வில்ஹெல்ம் வுண்ட்டிடம் சில காலம் பயின்றார். அதன்பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெக்தெரேவ் என்னும் பேரறிஞரின் நிறுவனத்தில் கற்றார். முதல் உலகப்போர் வந்தது, புரட்சி வந்தது, உள்நாட்டுப் போரும் தொடர்ந்தது. 1919இல் சைபீரியா வழியாக ரஷ்யாவை விட்டு வெளியேறினார். ஜப்பானைக் கடந்து மெக்சிகோவை அடைந்தார். அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்ததோடு, சிறைக் கைதிகளைப் பற்றிய உளவியல் ஆய்விலும் ஈடுபட்டார். 1926இல் அமெரிக்கா சென்று சிகாகோவில் குடியேறினார். 1934இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

இவ்வாறு நாடுவிட்டு நாடு பெயர்ந்தவருக்கு யித்திஷும் ரஷ்ய மொழியும் ஜெர்மனும் ஸ்பானிஷும் ஆங்கிலமும் வழித்துணையாக வந்து சேர்ந்தன. ஊரும் உறவும் பெயரும் மாறிய ஒருவரிடம் மாறாமல் நின்றது மொழி பற்றிய ஆர்வமே எனலாம். சிகாகோவில் அவர் பணியாற்றிய கல்வி நிறுவனம் 1940இல் மற்றொன்றோடு இணைந்து இல்லினாய் தொழில்நுட்ப நிறுவனம் ஆயிற்று. அதே ஆண்டில் அவர் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஒரு பனுவலில் பெயரடைகளுக்கும் வினைச்சொற்களுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டால் அப்பனுவலின் தன்மை புலப்படும் என்பது அதன் கருத்து. நாடகத்தில் வினை மிகும். அறிவியல் நூலில் அடை மிகும். கவிதையில் அடைமொழியைக் குறைக்கச் சொல்லி ஒருவரையொருவர் இடித்துரைக்கும் நம் வட்டத்தாருக்கு இச்செய்தி சுவையாக இருக்கக்கூடும். பிற்காலத்தில் அவர் செய்த அரிய பணிக்கு வித்து இங்கேயே இருக்கிறது. மனத்தின் நிலையைச் சொற்களின் அமைப்பிலேயே காணலாம் என்று நம்பியவர் அவர்.

1945 ஏப்ரலில் நேசநாட்டுப் படைகள் ஜெர்மனிக்குள் முன்னேறியபோது வதைமுகாம்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஓர்ட்ருஃப் முகாமை ஏப்ரல் 12ஆம் நாள் நேரில் கண்ட படைத்தலைவர் ஐசனோவர், இதழாசிரியர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் உடனே வந்து காண வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிற்காலத்தில் எவரேனும் இதைப் பொய்யென்று மறுக்கக்கூடும் என்ற கவலை அவருக்கு அப்போதே இருந்தது. நிழற்படங்கள் எடுக்கப்பட்டன, திரைப்படச் சுருள்கள் நிரம்பின. அவற்றில் கண்டவை மெலிந்த உடல்களும் பிணக்குவியல்களுமே. அந்த உடல்களுக்குள் இருந்த மனிதர் என்ன சொல்கிறார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று போடர் எண்ணினார்.

அதற்கு வேண்டிய கருவி அவர் பணியாற்றிய நிறுவனத்திலேயே இருந்தது. மார்வின் கேம்ரஸ் என்ற பொறியாளர் அங்கே கம்பி ஒலிப்பதிவுக் கருவியை மேம்படுத்தி அமைத்திருந்தார். தலைமயிர்போல் மெல்லிய எஃகுக் கம்பி ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்கு விரைந்து ஓடும். இடையில் உள்ள காந்தமுனை ஒலியின் ஏற்ற இறக்கங்களைக் கம்பியின்மேல் காந்தப் பதிவாக மாற்றும். அறுந்தால் முடிச்சுப் போட்டு இணைக்கலாம். சிக்கினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஒலித்தெளிவு இன்றைய கருவிகளுக்கு ஈடாகாது. ஆயினும் சொன்னவர் சொன்னபடியே, இடையில் எழுதுபவர் ஒருவர் கையின் தலையீடு இல்லாமல், பேச்சைக் காக்க முடிந்தது.

பயண அனுமதிக்கும் பணத்துக்கும் அவர் ஓராண்டுக்கு மேல் அலைய நேர்ந்தது. 1946 சூலை இறுதியில் பாரிசில் பதிவைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. அக்டோபர் தொடக்கம் வரை பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த விடுதிகளிலும் சிறுவர் இல்லங்களிலும் முகாம்களிலும் அவர் கருவியோடு திரிந்தார். ஏறத்தாழ 130 பேர், ஒன்பது மொழிகள், 200 கம்பிச் சுருள்கள், 90 மணி நேரத்திற்கும் மேற்பட்ட பேச்சு. பேசியவருள் பெரும்பாலோர் யூதர். போரினால் வீடிழந்த பிற சமயத்தாரும் சிலர் உண்டு.

அவர் கையாண்ட முறையைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஓரிடத்தை அடைந்ததும் நேராகப் பேட்டியைத் தொடங்கமாட்டார். அங்கிருப்போரைக் கூட்டிப் பாடச் சொல்வார்; பாடியதைக் கருவியில் ஓடவிட்டுத் திருப்பிக் கேட்கச் செய்வார். தம் குரலைத் தாமே முதன்முறையாகக் கேட்ட வியப்பில் அவர்களுடைய தயக்கம் தளரும். பிறகு தனியறையில் ஒவ்வொருவராகப் பேசுவர். தம் முகக்குறிப்புப் பேசுவோரைத் திசைமாற்றிவிடலாகாது என்று கருதி அவர்களுக்குப் பின்புறமாக அமர்ந்துகொள்வார். ஊரையும் நாளையும் கம்பியில் அறிவித்துவிட்டு, போர் தொடங்கியபோது எங்கே இருந்தீர்கள் என்ற அளவில் கேட்டு, அவரவர் மொழியிலேயே கதையைச் சொல்லவிடுவார்.

குறுக்கே கேள்வி கேட்கவும் அவர் தயங்கவில்லை. சில இடங்களில் அவர் கேள்விகள் கடுமையாகவே ஒலிக்கின்றன. முகாம்களுக்கு ஏற்றிச் சென்ற சரக்கு வண்டியில் எத்தனை பேர் இருந்தனர், இயற்கைக் கடனை எவ்வாறு கழித்தனர் என்று துருவுகிறார். கேட்டதை நம்பமாட்டாதவர்போல மீண்டும் கேட்கிறார். இன்று எல்லாரும் அறிந்த முகாம்களின் நடைமுறைகள் அன்று அவருக்குத் தெரியா. யாருக்குமே முழுமையாகத் தெரியா. இதனைக் குறையாகச் சொல்வோர் உண்டு. என் கருத்தில், அறியாதவர் ஒருவர் கேட்டதனாலேயே அறிந்தவர்கள் அனைத்தையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. பிற்காலத்துப் பேட்டிகளில் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான ஒரு கதை முன்கூட்டியே இருக்கிறது. 1946இல் அது இல்லை. அந்தப் பேரழிவுக்கு உலகம் ஒரு பெயரைக்கூட இன்னும் உறுதிசெய்திருக்கவில்லை. பெயர் இல்லாத ஒன்றைச் சொல்ல முயன்றவர்களின் பேச்சு அது.

கேட்டுக்கொண்டே வந்தவரும் அசையாத கல்லாக இருக்கவில்லை. செப்டம்பர் இறுதியில் வீஸ்பாடன் நகரில் குழந்தையை இழந்த ஒரு பெண்ணின் வரலாற்றைப் பதிவுசெய்து முடித்தபின், அறையில் தனித்திருந்த போடர் கருவியை நிறுத்தாமல் தாமே அதனிடம் பேசினார். இவை அனைத்துக்கும் தீர்ப்புக் கூறப்போகிறவர் யார் என்றும், தம் பணியை மதிப்பிடப்போகிறவர் யார் என்றும் அவர் கேட்டது அக்கம்பியில் இருக்கிறது.

எழுத்தில் சான்றுகளைத் தொகுக்கும் பணி அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதை ஈண்டுச் சொல்லாமல் விடுவது முறையன்று. போலந்தில் ஃபிலிப் ஃபிரீட்மன் தலைமையில் யூத வரலாற்றுக் குழுவினர் 1944 முதலே ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்களை எழுதிச் சேர்த்தனர். எனவே போடரை முதல் தொகுப்பாளர் என்பது மிகை. அவர் தனித்து நிற்பது குரலைக் காத்த வகையிலேயே.

சிகாகோ திரும்பியதும் கடினமான பணி காத்திருந்தது. ஒன்பது மொழிகளில் உள்ளதை ஆங்கிலமாக்க வேண்டும். ஒரு கருவியில் மூலக் குரலைச் சிறிது சிறிதாக ஓட்டிக் கேட்பார். மற்றொரு கருவியில் தம் மொழிபெயர்ப்பை வாயால் சொல்லிப் பதிவுசெய்வார். அதிலிருந்து தட்டச்சு செய்யப்படும். மொழிபெயர்ப்பில் அவர் கொண்ட உறுதி, இலக்கியம் பயில்வோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. உயிர்தப்பியவர்களின் பேச்சில் இறந்தகாலத்தில் தொடங்கும் வாக்கியம் நடுவிலேயே நிகழ்காலத்துக்குத் தாவிவிடும். எச்சம் வரும், முற்று வராது. எழுவாயைத் தேட வேண்டியிருக்கும். முகாமில் ஒட்டிக்கொண்ட ஜெர்மன் சொற்கள் தாய்மொழியின் இடையே முள்ளாக நிற்கும். இவற்றைச் செப்பனிட்டு நல்ல உரைநடையாக்கித் தருவது எளிது, படிப்பவர்க்கும் இனிது. போடர் அதற்கு உடன்படவில்லை. அந்த உடைவுகளே அம்மனிதர் பட்டதற்குச் சான்று என்பது அவர் கொள்கை. ஆங்கிலம் இடறினாலும் இடறட்டும் என்று உடைந்தவாறே பெயர்த்தார்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. எட்டுப் பேரின் வரலாறுகளைக் கொண்ட நூல் 1949இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. இறந்தோரை நான் பேட்டி காணவில்லை என்ற பொருளுடையது அதன் தலைப்பு. தாம் கேட்டவை எத்துணைக் கொடியவையாயினும், அதனினும் கொடியதைக் கண்டவர்கள் பேச எஞ்சவில்லை என்பதே அதன் கருத்து. அவருடைய சொந்த ஊரை எண்ணினால் அத்தலைப்பின் கனம் மேலும் விளங்கும். லீபாயாவை அடுத்த ஷ்கேடே கடற்கரை மணல்மேடுகளில் 1941 டிசம்பரில் மூன்று நாட்களில் 2,700க்கும் மேற்பட்ட யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

எழுபது பேட்டிகளின் மொழிபெயர்ப்பை 1950 முதல் 1957 வரை 16 தொகுதிகளாக, 3,100 பக்கங்களுக்கு மேல், அவர் வெளியிட்டார். பெரும் பதிப்பகத்தின் அச்சு நூலாக அல்ல. நூலகங்களுக்கான நுண்பட அட்டைகளாக. படித்தவர் எத்தனை பேர்? துன்பத்தின் அளவைக் கணிக்க ஒரு குறியீட்டு முறையையும் அவர் வகுத்தார். 1951இல் கான்சஸ் நகர் வெள்ளத்தில் வீடிழந்தோரையும் பதிவுசெய்து, அவர்கள் பேச்சை முகாம்வாசிகளின் பேச்சோடு ஒப்பிட முயன்றார். இவ்வொப்பீடு எனக்கு உடன்பாடன்று. வெள்ளம் எவரையும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. அறிவியலார் நடுவே தம் பணிக்கு ஓர் இடம் தேடிய தவிப்பாகவே அதைக் காண வேண்டியிருக்கிறது. 1952இல் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்து அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1956இல் அரசு உதவித்தொகை நின்றது. ஏறத்தாழ அறுபது பேட்டிகள் மொழிபெயர்க்கப்படாமலே இருக்க, 1961 டிசம்பர் 18ஆம் நாள் காலமானார்.

அதன்பின் நெடிய மௌனம். 1979இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் தொடங்கி, பின்பு யேல் பல்கலைக்கழகத்தில் நிலைபெற்ற ஒளிப்பதிவுத் தொகுப்பும், 1994இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிறுவிய அமைப்பு திரட்டிய 50,000க்கும் மேற்பட்ட சான்றுரைகளும் உலகப்புகழ் பெற்றன. உயிர்தப்பியோர் முதுமையில் நினைவுகூர்ந்தவை அவை. போடரின் கம்பிகளில் இருப்பவர்களோ இளைஞர்கள், சிலர் சிறுவர். அவர்களுக்குக் காயம் ஆறியிருக்கவில்லை. கம்பிகள் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் இருந்தன. அவற்றை ஓட்டும் கருவிகளோ, ஒலிநாடா வந்தபின் வழக்கொழிந்துவிட்டன. கம்பி துருப்பிடிக்காமல் இருந்தும், அதில் உள்ளதைக் கேட்க இயலாத நிலை. ஒலிநாடாவுக்கு மாற்றப்பட்ட படிகளைப் பெற்று, அவர் பணியாற்றிய சிகாகோ நிறுவனத்தின் நூலகத்தார் 2000ஆம் ஆண்டு முதல் அவற்றை எவரும் அணுகும் வண்ணம் வெளியிடத் தொடங்கினர். அவர் விட்டுச்சென்ற பேட்டிகளும் எழுத்துவடிவும் மொழிபெயர்ப்பும் பெற்றன. ஆலன் ரோசன் அவரைப் பற்றி விரிவான ஆய்வுநூல் ஒன்றை 2010இல் வெளியிட்டார்.

ஒரு சுருள் மட்டும் நெடுங்காலம் அகப்படவில்லை. பாரிசுக்கு வடக்கே ஹெனோன்வில் என்னும் சிற்றூரின் பழைய மாளிகை ஒன்றில் தங்கியிருந்த அகதிகள் 1946இல் பாடிய பாடல்கள் அதில் இருந்தன. ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் பல்கலைக்கழகத்தின் உளவியல் வரலாற்றுக் காப்பகத்தில், ஊர்ப்பெயர் பிழையாக எழுதப்பட்ட பெட்டிக்குள், ஏனைய கம்பிகளை ஒலிமாற்றம் செய்துகொண்டிருந்தபோது அது கிடைத்தது. பொருத்தமான கருவி இல்லாமையால் பழைய கருவி ஒன்றைத் திருத்தியமைத்தே அதை ஓட்டினர். 2017இல் செய்தி வெளியாயிற்று.

அப்பாடல்களுள் ஒன்று, கிராக்கோ நகரில் தச்சுத்தொழில் செய்து வாழ்ந்த யித்திஷ் கவிஞர் மொர்தெகாய் கெபிர்டிக் 1938இல் இயற்றியது. ஊர் தீப்பற்றி எரிவதைப் பற்றியது. கவிஞர் 1942 சூனில் அந்நகரின் யூதச் சேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்பியில் பாடும் பெண், அப்பாடலைக் கவிஞரின் மகள் சேரியின் நிலவறைகளில் பாடியதாக அறிவித்துவிட்டுப் பாடுகிறார். எரிவது ஊர் என்று கவிஞர் எழுதிய இடத்தில், எரிவது தம் மக்கள் என்று அவர் பாடுகிறார்.