குடையும் கப்பலும்

தேர்தல் வந்துவிட்டால் தெருவெங்கும் ஒரே பேச்சு. யார் எவ்வளவு தருவார்? அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் முத்துக் குளித்த தூத்துக்குடியும், அங்கே கப்பல் விட்ட சிதம்பரனாரும் நம் நினைவுக்கு வருகின்றனர்.

1872-இல் ஒட்டப்பிடாரத்திலே பிறந்தவர், வழக்கறிஞர். கொழும்புக்குப் போகும் கடல்வழி வெள்ளைக் கம்பெனியின் பிடியிலே கிடந்தது. அந்தப் பிடியைத் தகர்க்க 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய்; பங்குகள் 40,000. ஊர் ஊராக அலைந்தார், பங்கு பங்காகத் திரட்டினார். 'காலியா', 'லாவோ' எனும் இரு கப்பல்கள் துறைமுகத்திலே வந்து நின்றன.

வெள்ளைக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசம் என்றது. ஏறுவோருக்குக் குடையும் கொடுத்தது! ஏழைமீது இரக்கமா? இல்லை. சுதேசிக் கப்பல் ஒழிந்தால், கொடுத்த குடைக்கும் சேர்த்துக் கட்டணம் கறக்கலாம் என்ற கணக்கு!

1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். தொழிலாளர் வென்றனர், அவருக்கோ சிறை, செக்கு! அவர் உள்ளே வாடிய காலத்திலேயே, 1911-இல், கம்பெனி கலைந்தது. 1912-இல் வெளியே வந்தபோது செல்வமும் இல்லை, தொழில் நடத்த உரிமையும் இல்லை. தென்னாப்பிரிக்காவிலே வாழ்ந்த நம்மவர் அவருக்கென்று திரட்டிக் காந்தியாரிடம் கொடுத்த பணத்துக்காகக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். 1916-இல்தான் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. 1936-இல் தூத்துக்குடியிலேயே கண்மூடினார்.

தோழர்களே! இந்த வாழ்வு நமக்குச் சொல்வது இரண்டு.

ஒன்று, பொதுக்காரியத்துக்குப் பொதுமக்களிடம் கையேந்துவது இழிவல்ல. ஆனால், திரட்டிய பணம் சேரவேண்டிய இடத்தில் சேரவேண்டும், தாமதமின்றிச் சேரவேண்டும். உண்டியல் குலுக்கும் தோழன் காலணாவுக்கும் கணக்கு வைக்கவேண்டும்.

மற்றொன்று, குடைக்கு மயங்கக்கூடாது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சையிலும் பணம் புகுந்து விளையாடியதால் தேர்தலே தள்ளிவைக்கப்பட்டது. சட்டமன்ற வேட்பாளர் செலவுக்கு 2022-இல் வகுத்த வரம்பு 40 இலட்சம். வரம்பை மீறி வாரி இறைப்பவன் எங்கிருந்து திரும்ப எடுப்பான்? நகராட்சியின் சாலையிலே, குடிநீர்க் குழாயிலே, நம் கூலியிலே!

அவன் நீட்டும் நோட்டு, குடை. நம் கையிலுள்ள வாக்கு, கப்பல். குடைக்குக் கப்பலை விற்றவன், பிறகு மழையிலும் நனைவான், கரையிலும் நிற்பான்.