வாள் வீசாத வீரன்



வீரம்னா என்ன? நம்ம ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள். நாற்பது பேரை ஒரே ஆளாக அடித்துப்போடும் சினிமாக் கதாநாயகனைத்தான் முதலில் சொல்வோம். காதல்னா என்ன? அதற்கும் அவனேதான் பதில். கோபக்காரன், யாருக்கும் அடங்காதவன், நெஞ்சுக்குள் ஒரு சோகத்தை ஒளித்து வைத்திருப்பவன், ஒருத்தியை மட்டும் உயிராய் நேசிப்பவன்! இந்த வார்ப்புக்கு ஆங்கில இலக்கியத்தில் ஒரு பெயரே உண்டு. பைரன் நாயகன் என்பார்கள். அதை வார்த்தெடுத்த கவிஞனின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். டெக்ஸ்டைல் படிக்கிறவனுக்கும் கவிதைக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

ஜார்ஜ் கோர்டன் பைரன் 1788 ஜனவரி 22-ல் லண்டனில் பிறந்தான். பிறவியிலேயே வலது பாதம் வளைந்திருந்தது. அப்பா, அம்மாவின் சொத்தையெல்லாம் கரைத்துவிட்டு, மகனுக்கு மூன்று வயதானபோது போய்ச் சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்தில் அம்மாவும் பிள்ளையும் சிக்கனமாகக் காலம் தள்ளினார்கள். பத்து வயதில், தாத்தாவின் அண்ணன் இறந்துபோக, பிரபு பட்டமும் ஒரு பாழடைந்த மாளிகையும் இவனுக்கு வந்து சேர்ந்தன.

கால் ஊனம் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீரில் அது தெரியாதல்லவா? நீச்சலில் புலியானான். கேம்பிரிட்ஜில் படித்தபோது, நாய் வளர்க்கக் கூடாது என்று விதி இருந்ததால் கரடி வளர்த்தான்! (நம்ம வார்டனிடம் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

கிரேக்கப் பழங்கதை ஒன்றில் லியாண்டர் என்ற வாலிபன், காதலியைப் பார்க்க ராத்திரிதோறும் ஒரு ஜலசந்தியை நீந்திக் கடப்பான். இது நிஜத்தில் முடியுமா? 1810 மே 3-ல் துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்தியில் பைரன் குதித்தான். சுமார் ஒரு மணி பத்து நிமிடத்தில் ஐரோப்பாக் கரையிலிருந்து ஆசியாக் கரைக்குப் போய்விட்டான். வயது 22. ஏட்டில் படித்ததை உடம்பால் சோதித்துப் பார்க்கிற ஆள்!

அடுத்தது 1812. இங்கேதான் நம்ம துறை வருகிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் காலுறை பின்னும் தொழிலாளர்கள், புதுவகைப் பின்னல் இயந்திரங்களால் வேலையும் கூலியும் போய்ப் பட்டினி கிடந்தார்கள். ராத்திரியில் கூட்டமாகப் போய் இயந்திரங்களை உடைத்தார்கள். உடைத்தவனுக்குத் தூக்கு என்று அரசாங்கம் மசோதா கொண்டுவந்தது. பிப்ரவரி 27-ல் பிரபுக்கள் சபையில் 24 வயது பைரன் தன் முதல் பேச்சுக்கு எழுந்தான். உடைத்தது சரி என்று அவன் சொல்லவில்லை. பசிதான் அவர்களை அங்கே தள்ளியது, பசிக்குத் தூக்குக்கயிறு மருந்தாகாது என்பதே அவன் வாதம். கேட்டுக்கொண்டிருந்தவர்களோ பெரிய நிலச்சுவான்தார்கள். மசோதா சட்டமாகிவிட்டது. தோற்றுப்போன பேச்சுதான். ஆனால் அவன் வாழ்க்கையில் நான் முதலில் வீரம் என்று குறித்துக்கொண்டது இதைத்தான்.

இரண்டே வாரத்தில் அவனுடைய சைல்ட் ஹரால்ட் காவியம் வெளிவந்தது. மூன்று நாளில் ஐந்நூறு பிரதி காலி. 1814-ல் ஒரு கடற்கொள்ளைக்காரனை நாயகனாக்கி எழுதிய தி கோர்சேர், முதல் நாளிலேயே பத்தாயிரம் பிரதி விற்றது. ஊரே அவனை அந்த நாயகனாகவே பார்த்தது.

இனி வருவது பெருமைப்படுகிற மாதிரி இல்லை. மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். கதையில் ஒருத்தியையே நேசிக்கும் நாயகனைப் படைத்தவன், வாழ்க்கையில் அப்படி இல்லை. 1815 ஜனவரியில் கல்யாணம், டிசம்பரில் பெண் குழந்தை. அடுத்த மாதமே மனைவி குழந்தையோடு பிரிந்து போனாள். ஊர்வாயில் அகப்பட்டு, 1816 ஏப்ரலில் இங்கிலாந்தை விட்டுப் போனவன் உயிரோடு திரும்பவே இல்லை. அந்த மகளைப் பிறகு பார்க்கவும் இல்லை. வேறொரு பெண்ணிடம் பிறந்த அலெக்ரா என்ற மகளை, தாய் கெஞ்சியும் கேட்காமல் இத்தாலியில் ஒரு கன்னியர் மடத்தில் விட்டான். 1822-ல் ஐந்து வயதில் அந்தப் பிஞ்சு அங்கேயே காய்ச்சலில் இறந்தது. அவன் வேகம் அவனை மட்டும் எரிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்களையும் எரித்தது.

அந்த வேகமே அவனை கிரீஸுக்கும் கொண்டுபோனது. துருக்கிய ஆட்டோமன் ஆட்சியை எதிர்த்து 1821-ல் கிரேக்கர்கள் கிளர்ந்திருந்தார்கள். பழைய காவிய வீரர்கள் பாணியில் தலைக்கவசம் செய்துகொண்டு, 1823 ஜூலையில் ஜெனோவாவிலிருந்து கப்பலேறினான். கிரேக்கக் கடற்படைக்குத் தன் பணத்திலிருந்து நாலாயிரம் பவுன் கொடுத்தான். 1824 ஜனவரியில் மிசலோங்கி என்ற ஊரில் இறங்கினால்... சுற்றிலும் சதுப்பு நிலம், ஓயாத மழை, தங்களுக்குள்ளேயே சண்டை போடும் தலைவர்கள், சம்பளம் கேட்டு முரண்டு பிடிக்கும் சிப்பாய்கள்! காவிய நாயகன் என்ன செய்தான்? கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுத்தான். சமாதானம் பேசினான். பிடிபட்ட துருக்கிக் கைதிகளை விடுவித்து அனுப்பினான். திட்டமிட்ட ஒரே தாக்குதலும் நடக்கவில்லை. ஏப்ரலில் மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது. வைத்தியர்கள் அந்தக் கால வழக்கப்படி ரத்தத்தை எடுத்து எடுத்தே பலவீனப்படுத்தினார்கள். ஏப்ரல் 19-ல் இறந்தான். வயது 36. ஒரு போரில்கூட வாள் வீசவில்லை.

ஆனால் அந்தச் சாவு ஐரோப்பாவை உலுக்கியது. கிரீஸுக்காக எங்கும் குரல் எழுந்தது. 1827-ல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றின் கப்பல்களும் சேர்ந்து நவரினோவில் துருக்கிக் கடற்படையை முறியடித்தன. 1830-ல் கிரீஸ் தனி நாடாக ஏற்கப்பட்டது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் அவன் உடலுக்கு இடம் தரவில்லை. நாட்டிங்ஹாம் அருகே ஹக்னல் கிராமத்தில் புதைத்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் நினைவுக்கல் வைக்க 1969 வரை ஆனது.

அவன் மறுபடி பார்க்காமலே போன அந்த மகள் யார் தெரியுமா? கம்ப்யூட்டர் நண்பர்கள் அறிந்த அடா லவ்லேஸ்! 1843-ல் பாபேஜின் கணிப்பொறிக்கு எழுதிய குறிப்புகளால் முதல் புரோகிராமர் என்று பெயர் பெற்றவள். அந்தப் பொறிக்கான துளை அட்டை யோசனை எங்கிருந்து வந்தது? நம்ம லேபில் பார்க்கிற ஜக்கார்ட் தறியிலிருந்துதான்! அப்பா இயந்திரத்தால் வேலை இழந்தவனுக்காகப் பேசினான். மகள் இயந்திரம் நாளை என்ன செய்யும் என்று யோசித்தாள். அவளும் 36 வயதில் இறந்தாள். அவள் விரும்பியபடியே, முகம் அறியாத அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

நாளைக்கு நாமும் மில்லிலோ தொழிற்சாலையிலோ ஒரு புது மெஷினை ஓட்டுவோம். அன்று அதனால் வேலை போகிறவன் வாசலில் நிற்பான். அவனுக்காக ஒரு வார்த்தை பேச எழுந்து நிற்பதும் வீரம்தான். அதற்கு நாற்பது பேரை அடிக்க வேண்டியதில்லை. தோற்றாலும் பரவாயில்லை, நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, டெக்ஸ்டைல் டெக்னாலஜி